ஒரு எட்டு சுவிட்சர்லாந்து வரைக்கும்!

ராஜபாளையத்தில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இப்போது இந்தப் பேச்சு காதில் விழுகிறது. "யூரோப் முடிச்சாச்சு மதினி. அடுத்து இவுகளுக்கு ஜப்பான் பார்க்கணுமாம்." பக்கத்து இலைக்காரர் நெய் ஊற்ற வந்தவரைக்கூடக் கவனிக்காமல், "எந்த மாசம் போனீக? குளிர் தாங்குச்சா? சோறு கிடைச்சுதா?" என்று ஆரம்பித்துவிடுவார். ரசம் வருவதற்குள் ஏஜென்டின் செல்போன் நம்பர் கை மாறிவிடும்.

இப்படிப் பேசுகிறவர்கள் மில் முதலாளிகள் இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மில் கணக்கர்கள், கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தவர்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதியில் கடை வைத்திருப்பவர்கள். பெரும்பாலும் 60-லிருந்து 70 வயதுக்குள் இருப்பவர்கள். எம்.ஜி.ஆரின் 'உலகம் சுற்றும் வாலிபன்' 1973-ல் வந்தபோது, ஒசாகா எக்ஸ்போவைத் திரையில் வாய் பிளந்து பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் இவர்கள். மணியன் ஆனந்த விகடனில் எழுதிய பயணக் கட்டுரைகளைப் படித்துவிட்டு, அந்த ஊரெல்லாம் வேறு யாருக்கோ என்று நினைத்துக்கொண்டவர்கள். இப்போது ஜோடியாகக் கிளம்புகிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு தம்பதி வெளிநாடு போவது புதிதில்லை. ஆனால் எதற்காகப் போனார்கள் என்பதைப் பாருங்கள். மகளுக்குப் பிரசவம் என்றால் லேகியமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு அம்மா அமெரிக்கா போவார், துணைக்கு அப்பா. ஆறு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தவரிடம் கேட்டால், மகள் வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பது தெரியும். வாசலுக்கு வெளியே இருந்த ஊர் தெரியாது. நயாகராவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போயிருப்பார்கள். மற்ற நாளெல்லாம் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்ததும், மருமகனுக்குச் சப்பாத்தி போட்டதும்தான். அதற்கு முன்பு போன பயணங்களும் அப்படித்தான். காசி, திருப்பதி, சமயபுரம் எல்லாம் ஏதோ ஒரு வேண்டுதல், ஏதோ ஒரு கடன். கல்யாணமான புதிதில் கூட்டுக் குடும்பம், ஒரு தங்கச்சி கல்யாணம், ஒரு வீட்டுக் கடன். தேனிலவு என்ற சொல்லை சினிமாவில் கேட்டதோடு சரி.

யாருக்கும் சமைத்துப் போட வேண்டாம், எந்த நேர்த்திக்கடனும் இல்லை, இரண்டு பேரும் பார்ப்பதற்காக மட்டுமே போகிறார்கள். இந்தத் தம்பதிகளுக்கு அப்படி ஒரு பயணம் வாழ்க்கையில் முதல் தடவை. அதை அவர்களுக்குக் கொடுத்தது குழுப் பயணம். தனியாகப் போகத் தெரிந்த இளையவர்கள், "பஸ்ஸில் ஆட்டு மந்தை மாதிரி ஏற்றி இறக்குவார்கள், அதெல்லாம் ஒரு டூரா" என்று முகம் சுளிக்கிறார்கள். அவர்களுக்குக் கூகுள் மேப் இருக்கிறது, ஆங்கிலம் இருக்கிறது, முழங்கால் இருக்கிறது. அறுபதைத் தாண்டிய, தமிழ் மட்டுமே சரளமாகப் பேசுகிற ஓர் அம்மாவை பாரிஸ் வரை கொண்டுபோய்ப் பத்திரமாக வீடு சேர்க்க இதைவிட நல்ல வழி இன்னும் வரவில்லை. நான் இதை முழு மனதோடு சொல்கிறேன்.

கூட்டமாகப் போவது நமக்குப் பழகின காரியமும்கூட. அமாவாசைக்குச் சதுரகிரி ஏறுகிறவர்கள் தனியாகவா போகிறார்கள்? புரட்டாசி சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாளைப் பார்க்க ஊர் ஊராக வேன் வைத்துத்தான் வருகிறார்கள். சபரிமலைக்கு ஒரு குருசாமி வேண்டும். எங்கே குளிப்பது, எங்கே படுப்பது, யார் பின்னால் யார் என்று எல்லாம் அவர் வாக்கு. மேலை நாட்டிலும் குழுப் பயணம் இப்படி ஒரு கொள்கைக் கூட்டத்தில்தான் பிறந்தது. 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக் என்பவர் மதுவிலக்குக் கூட்டத்துக்காக ஏறத்தாழ 500 பேரை இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குத் தனி ரயிலில் கூட்டிப் போனார். போக வர ஒரு ஷில்லிங். டிக்கெட்டைப் பற்றியும் வழியைப் பற்றியும் பயணி கவலைப்பட வேண்டாம், அதை ஒருவர் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு அன்று தொடங்கியது.

இந்தியாவில் இப்படிப் போன தம்பதிகளில் ஊரறிந்தவர்கள் கொச்சியின் விஜயனும் மோகனாவும். ஸ்ரீ பாலாஜி காபி ஹவுஸ் என்று ஒரு சின்ன டீக்கடை. 2007-ல்தான் முதல் வெளிநாட்டுப் பயணம். தினமும் 300 ரூபாய் எடுத்து வைப்பார்கள். போதாததற்குக் கடன் வாங்குவார்கள். போய் வந்து, டீ ஆற்றி, கடனை அடைத்துவிட்டு, அடுத்த நாட்டுக்கு மறுபடி கடன். அப்படியே 25 நாடுகளுக்கு மேல் பார்த்துவிட்டார்கள். அவர்களைப் பற்றி 'இன்விசிபிள் விங்ஸ்' என்ற ஆவணப்படம் வந்தது. 2019-ல் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா உதவ, ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் போனார்கள். 2021 அக்டோபரில் ரஷ்யா. அடுத்த மாதமே விஜயன் காலமானார். டீக்கடைக்காரருக்கு எதற்கு இந்த ஆசை என்று கேட்டவர்கள் நிறைய இருந்திருப்பார்கள். கடன் வாங்கி ஊர் சுற்றுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பயணங்களை அவர்கள் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடவில்லை. தள்ளிப்போட்டிருந்தால் அந்த வருடங்களில் ஒன்றுகூட அவர்கள் கைக்கு வந்திருக்காது.

நம் ஊரிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு வேலை ஆரம்பிப்பது பாஸ்போர்ட்டில். பாஸ்போர்ட்டில் வேலை ஆரம்பிப்பது பெயரில். ராஜபாளையத்து ராஜுக்கள் வீட்டு ஆண்களுக்குப் பெயரோடு 'ராஜா' ஒட்டியே இருக்கும். மற்ற பலருக்கு இனிஷியலும் ஒரே ஒரு பெயரும்தான். அம்மாக்களுக்கு இன்னும் சிக்கல்: பள்ளிச் சான்றிதழில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் கணவர் இனிஷியல், ஆதாரில் இனிஷியல் விரிந்தோ சுருங்கியோ கிடக்கும். குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டால் பின்னால் வினை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தபோது மாட்டிக்கொண்டவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏராளம். ஆகவே விண்ணப்பிக்கும்போதே அப்பா பெயரையோ கணவர் பெயரையோ விரித்து, இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுங்கள்.

அடுத்தது கல்யாணச் சான்றிதழ். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு கட்டாயமானது 2009-க்குப் பிறகுதான். 1980-களில் தாலி கட்டியவர்களிடம் இருப்பது மஞ்சள் தடவிய பத்திரிகையும், ஓரம் கரையான் அரித்த ஆல்பமும். விசாவுக்காகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் போய் நிற்கிறார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள், மணமகன் மணமகள் என்ற இடங்களில் கையெழுத்துப் போடுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அன்றைக்கு இருக்கட்டும் என்று பூ வைத்துக்கொண்டு போனார்.

ஐரோப்பா என்றால் ஷெங்கன் விசா. ஒரு விசாவில் 29 நாடுகள். 180 நாட்களுக்குள் 90 நாள் வரை இருக்கலாம். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்ப வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். கைரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு ஏறி, காலையில் சென்னையில் குளித்து, ரேகை வைத்துவிட்டு, அன்று இரவே அதே பொதிகையில் ஊர் திரும்புகிறார்கள். ஒரு தடவை கொடுத்த ரேகை 59 மாதம் செல்லும் என்பதால் அடுத்த முறை இந்த அலைச்சல் பெரும்பாலும் இருக்காது. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். ஏப்ரல், மே பயணத்துக்கு மார்ச்சில் ஓடினால் தேதி கிடைக்காமல் தவிப்பீர்கள்.

சுற்றுலாத் தொகையோடு டி.சி.எஸ். என்று வரியும் பிடிப்பார்கள். அது போய்விட்ட பணம் என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வருமான வரிக் கணக்கில் காட்டினால் சரிக்கட்டிக்கொள்ளலாம், மிச்சத்தைத் திரும்பப் பெறலாம். வரி கட்டும் வருமானமே இல்லாத மனைவியின் பான் எண்ணில் பிடித்திருந்தாலும் அவர் பெயரில் கணக்குத் தாக்கல் செய்து கேட்டு வாங்குங்கள்.

நானும் என் கணவரும் இப்படி ஒரு குழுவில் போனவர்கள்தான். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து ராஜபாளையத்துக்கு வாக்கப்பட்டவள். கிளம்புவதற்கு முன் இரண்டு ஊரிலும் நடந்த ஆயத்தத்தைச் சொன்னால்தான் புரியும். சேலையைத் தவிர வேறு உடுத்தாத பெண்கள் மொட்டை மாடியில் சுடிதாரும் ஷூவும் போட்டு நடந்து பழகினார்கள்; தெருவில் நடக்க வெட்கம். சாத்தூர் காராச்சேவு, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் எடை போட்டுப் பெட்டிக்குள் போயின. அங்கே குளியலறையில் வாளியும் இருக்காது, கப்பும் இருக்காது என்று போய் வந்தவர்கள் சொல்லிவிட்டதால் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கப். பால்கோவா மட்டும் வரவில்லை. புவிசார் குறியீடு வாங்கிய பண்டம்தான், 2019-லேயே கிடைத்துவிட்டது. ஆனால் வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பால் பொருள்களும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை இருக்கிறது. இது இனிப்புதான் என்று அங்கே சுங்க அதிகாரியிடம் வாதாடிக்கொண்டு நிற்க யாருக்கும் மனசில்லை. அம்மா வீட்டில் வாங்கி வைத்த பொட்டலத்தை விமான நிலையம் போகும் வழியிலேயே பிரித்துப் பங்கு வைத்தோம்.

போய் இறங்கியதும் வாழ்க்கை 'ஆறு, ஏழு, எட்டு' ஆகிவிடுகிறது. ஆறு மணிக்கு அறைத் தொலைபேசி எழுப்பும், ஏழு மணிக்குக் காலை உணவு, எட்டு மணிக்கு பஸ் நகரும். ஏன் இந்தக் கெடுபிடி என்று எங்கள் குழுவிலும் முதல் இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது. காரணம் டூர் மேனேஜரின் கண்டிப்பு என்று நினைத்தோம். உண்மையில் அது ஓட்டுநரின் நேரம். ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி ஒரு பஸ் ஓட்டுநர் தொடர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. எல்லாம் வண்டியிலிருக்கும் கருவியில் பதிவாகும். நாம் கடையில் அரை மணி நேரம் கூடுதலாக நின்றால், அந்த அரை மணி நேரம் மாலையில் பார்க்க வேண்டிய இடத்திலிருந்து கழியும். சிவகாசியிலிருந்து ராத்திரியெல்லாம் லாரி ஓட்டுகிற நம் ஊர் ஓட்டுநர்களுக்கு இப்படி ஒரு கண்டிப்பு எப்போது வரும் என்று ஆற்றாமையாக இருந்தது.

அந்த அட்டவணைக்குள் எங்களுக்கு ஒன்று கிடைத்தது. காலையில் கீழே இறங்கி வந்தால் சாப்பாடு தயாராக இருந்தது. சொல்லும்போது சின்ன விஷயம். முப்பத்தைந்து வருடமாக விடிகாலையில் அடுப்பு பற்ற வைத்த பெண்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ரொட்டியும் சீஸும் பச்சைப் பாலில் ஊறிய கார்ன்ஃப்ளேக்ஸும்தான், நாக்குக்கு ஒட்டவில்லை. ஆனாலும் மேஜையில் உட்கார்ந்தபடி, என்ன பொரியல், யாருக்கு உப்புக் குறைவு, யாருக்குச் சர்க்கரை இல்லாமல் என்ற நினைப்பே இல்லாமல் சாப்பிட்டோம். கணவர்மார்கள் எழுந்து போய் மனைவிக்குக் காபி பிடித்துக்கொண்டு வந்தார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அங்கே எல்லா ஆண்களும் அப்படிச் செய்வதைப் பார்த்து இவர்களுக்கும் கை வந்துவிட்டது.

சுவிட்சர்லாந்தின் ரைன் அருவியில் சிரிப்பாகிவிட்டது. 150 மீட்டர் அகலம், 23 மீட்டர் உயரம். இத்தனை தண்ணீர் விழுகிற இடத்தில் குளிக்கக் கூடாது என்றால் குற்றாலம், அய்யனார் அருவி பக்கத்துக்காரர்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? "இம்புட்டுத் தூரம் வந்து தலையை நனைக்காமப் போறதா?" என்று ஒரு சித்தப்பா கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி சாரலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அருவிக்கும் நமக்கும் உள்ள உறவு வேறு. அவர்கள் பார்க்கிறார்கள், நாம் உள்ளே நிற்கிறோம்.

அதே நாட்டின் டிட்லிஸ் சிகரம் 3,238 மீட்டர். தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். சுழன்றுகொண்டே மேலே ஏறும் ரோட்டேர் கேபிள் கார் 1992-ல் வந்தது. அந்த வகையில் உலகிலேயே முதலாவது. பனியில் கால் வைத்ததும் வழுக்கியது. என் கணவர், "ஏம்மா, கையைப் பிடிச்சுக்க" என்றார். "நீங்க முதல்ல விழாம நில்லுங்க" என்றேன். எங்கள் தெருவில் ஒருவர் பின்னால் ஒருவர் பத்தடி விட்டு நடந்து பழகியவர்கள் நாங்கள். அங்கே திரும்பிப் பார்த்தால் எல்லா ஜோடிகளும் கை கோத்துத்தான் நின்றார்கள். வழுக்காத தரைக்கு வந்த பிறகும் சிலர் விடவில்லை.

பைசா கோபுரத்தின் உயரம் ஏறத்தாழ 185 அடி. ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரம் 192 அடி. இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து நின்றார்கள். 1173-ல் கட்ட ஆரம்பித்து, இளகிய மண்ணில் ஒரு பக்கம் இறங்கி, விழுந்துவிடும் என்று பயந்து 1990-ல் மூடி, அடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாய்வைக் குறைத்து 2001-ல் திறந்தார்கள். ஒரு சாய்ந்த கட்டடத்தை விழாமல் காக்க அத்தனை வருட உழைப்பு. நம் ஆண்டாள் கோபுரம் அரசு முத்திரையில் இருக்கிறது, நாமோ அதைத் தினம் கடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறோம். நான் பிறந்த ஊர்க் கோபுரத்தின் பதினொரு நிலைகளையும் அண்ணாந்து பார்த்து எண்ணியது ஐரோப்பா போய் வந்த பிறகுதான்.

சுவிட்சர்லாந்தின் லூசர்னில் ஒரு மருந்துக்கடை. குழுவில் சத்திரப்பட்டியிலிருந்து வந்த தம்பதி. காலம் பூராவும் பேண்டேஜ் துணி நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில். அந்த அம்மாவுக்குக் கட்டைவிரலில் செருப்புக் கடித்துவிட்டது. பிளாஸ்திரி வாங்கப் போன இடத்தில் அந்த அண்ணாச்சி ஒரு காஸ் துணிச் சுருளைக் கையில் எடுத்தார். மேலுறைக் காகிதத்தோடு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கண்ணைச் சுருக்கி, இழை நெருக்கத்தைப் பார்த்தார். "நம்ம பக்கத்துத் துணி மாதிரிதான் இருக்கு" என்று மனைவியிடம் காட்டினார். அது எங்கே நெய்ததோ தெரியாது. ஆனால் அவர் முகத்தில் இருந்த பூரிப்பை ஈஃபிள் கோபுரத்தின் அடியில்கூட நான் பார்க்கவில்லை.

குறையில்லாமல் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் எட்டு நாடு என்று விளம்பரம் செய்கிறார்கள். அதில் பாதி நாடு பஸ் ஜன்னலில் போய்விடும். ஒரு நாட்டில் மதியச் சாப்பாடு, இன்னொன்றில் ஒரு போட்டோ. பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே வயதானவர்களுக்கு இடுப்பு விட்டுப்போகிறது. என் தீர்மானமான கருத்து: நாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்து டூர் எடுக்காதீர்கள். எத்தனை ஊரில் இரண்டு இரவு தங்குகிறோம் என்று கேளுங்கள். தமிழ் பேசும் டூர் மேனேஜர் விமானத்திலிருந்தே கூட வருகிறாரா, பஸ்ஸில் இருக்கை தினம் சுழற்சியில் மாறுமா, ஹோட்டல் நகருக்குள்ளா நெடுஞ்சாலை ஓரமா என்பதையும் பணம் கட்டுமுன் எழுத்தில் வாங்குங்கள். ஜெர்மனி நெடுஞ்சாலைகளில் கழிப்பறைக்கே ஒரு யூரோ வரை ஆகும். சர்க்கரை வியாதிக்காரர் நாளைக்கு எத்தனை தடவை போவார் என்று கணக்குப் பார்த்துச் சில்லறை வைத்துக்கொள்ள வேண்டும். இன்சுலின், மாத்திரை எல்லாம் கைப்பையில், டாக்டர் சீட்டோடு.

நேராக ஐரோப்பாவுக்குத்தான் போக வேண்டும் என்றும் இல்லை. அதற்கு ஆளுக்கு இரண்டரை, மூன்று லட்சம் வேண்டும். மதுரையிலிருந்தே கொழும்புக்கு விமானம் இருக்கிறது. 2023 கடைசியில் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசா இல்லாமல் கதவைத் திறந்தன. பினாங்கிலும் கோலாலம்பூரிலும் தமிழ் பேசியே நாலு நாளை ஓட்டிவிடலாம்; இட்லிக்கும் குறைவில்லை. முதல் பயணத்துக்கு அதுதான் சரி. அங்கே கால் எவ்வளவு தாங்குகிறது, இரண்டு பேரில் யாருக்குத் தூக்கம் கெடுகிறது என்று தெரிந்துவிடும். சதுரகிரி ஏறி இறங்கும் முழங்கால் இருக்கும்போதே தூரத்து ஊர்களை முடித்துவிட வேண்டும். பிள்ளைகள் "அடுத்த வருஷம் நாங்களே கூட்டிட்டுப் போறோம்" என்பார்கள். அவர்கள் சொல்வது மனதாரத்தான். ஆனால் அவர்களுக்கு லீவு கிடைக்காது.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஏறக்குறைய எல்லா மனைவிமார் பாஸ்போர்ட்டும் கணவர் பையில்தான் இருந்தது. பணமும் அங்கேதான், போனும் ஒன்றுதான். வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கத்துக் கூட்டத்தில் ஒரு மதினி பிரிந்துவிட்டார். கையில் ஒரு சென்ட் இல்லை, ஹோட்டல் பெயர் தெரியாது, தமிழைத் தவிர வேறு மொழி தெரியாது. அரை மணி நேரம் மணிக்கூண்டுக்கு அடியில் அசையாமல் நின்றதால் கண்டுபிடித்தோம். அன்று இரவு ஹோட்டலில் பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசினோம். மறுநாள் காலையில் அவரவர் பாஸ்போர்ட் அவரவர் கழுத்துப் பைக்கு வந்தது. ஆளுக்கு ஐம்பது யூரோ, ஹோட்டல் முகவரிச் சீட்டு, டூர் மேனேஜர் நம்பர். அந்த மதினி இப்போது தன் பெயரிலேயே ஃபாரெக்ஸ் கார்டு வாங்கிவிட்டார். இலங்கைக்குப் போகிறார்களாம். இந்தத் தடவை ஏஜென்டிடம் பேசி விலை குறைத்தது அவர்தான்.